கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பூசிய சாயம்

நோர்வேயின் பேர்கன் நகரத்துச் சலூனில் பெண்கள் மூன்று மணித்தியாலம் பொறுமையாகக் குந்தியிருந்து முடியைச் சிவப்பாக்கிக்கொண்டு போகிறார்கள். நான் அதே சலூனுக்கு, பிறவியிலேயே சிவந்த என் முடியைக் கறுப்பாக்கப் போனேன். ஊரில் இதற்குச் செம்பட்டை என்று பெயர். எண்ணெய் காணாத தலை என்றும் சொல்வார்கள். அம்மா என் தலையில் வைத்த எண்ணெயில் ஒரு குடும்பத்துக்கே மீன் பொரித்திருக்கலாம்.

நான் வழக்கமாகப் போகும் சலூனில் ஒன்றும் கேட்கமாட்டார்கள். சாயத்தைப் பூசிக் கழுவி அனுப்பிவிடுவார்கள். போன மாதம் உச்சந்தலை கொப்பளித்துவிட்டது. மென்மையான சாயம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் இந்தப் புதிய இடத்துக்கு வந்தேன். மாரித் என்ற சலூன்காரி என் வகிட்டைப் பிரித்து, அடியில் முளைத்திருந்த சிவப்பைக் கண்டு வாயைப் பிளந்தாள்.

"இது உன் சொந்த நிறமா? இதையா மறைக்கிறாய்?"

"கறுப்பாக வேண்டும். மார்கழியில் ஊருக்குப் போகிறேன்."

"ஐயோ, மரணவீடா?"

"இல்லை. அங்கே ஒரு ஆமிக்காரன் என் முடியைப் பார்ப்பான்."

"ஓ, பழைய காதலன்!" என்று கண்ணடித்தாள். நான் மறுக்கவில்லை. மிச்சத்தைச் சொல்ல என் நோர்வேஜிய மொழி போதாது.

எங்கள் ஊர் மாங்கேணியில் எனக்குப் பதினாறு வயதானபோது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. இயக்கத்தில் சேர்ந்து காட்டில், வெயிலில் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்குத்தான் முடி சிவக்கும், அதைப் பார்த்துத்தான் ஆமி பிடிக்கிறது என்று அப்போது ஒரு கதை உலாவியது. நான் எடுத்த ஒரே பயிற்சி, அப்பாவின் வலையில் இறால் பொறுக்கியதுதான். ஆனாலும் அம்மா எங்கேயோ தேடி ஒரு கறுப்புத் தூள் வாங்கிவந்து, தண்ணீரில் குழைத்து, என் தலையில் அப்பினாள். "அசையாத புள்ள. அட்டையில கறுப்பா விழுந்தா ஒருத்தனும் உன்னத் தொடமாட்டான்" என்றாள்.

வாழைச்சேனை ஸ்ரூடியோக்காரர் படம் எடுத்து முடித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "என்னத்துக்குகா இந்தச் சாயம்? அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படந்தானே. அதுல எல்லாத் தலையும் கறுப்புத்தான்." அம்மா அவரை முறைத்த முறைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

திரும்பும் வழியில் ஆமி சோதிக்கும் சென்றியடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நடந்தோம். மாரிமழை கொட்டியது. அம்மாவைச் சோதித்து அந்தப் பக்கம் விட்டார்கள். என் முறை வந்தபோது நெற்றி, காது, வெள்ளைப் பள்ளிச்சட்டை எல்லாம் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. கறுப்புக்குக் கீழே செம்பட்டை எட்டிப் பார்த்தது. வேஷம் போட்டவள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். என்னைத் தனியாக நிறுத்தினார்கள். போ போ என்று விரட்டியும் அம்மா போகவில்லை. கடைசியில் அவர்களுக்குப் பெரியவன் ஒருவன் வந்து என் தலையைச் சுட்டி, "என்ன இது?" என்றான். அம்மா பதில் சொல்லாமல் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். பத்து விரலும் கறுப்பு. அவன் அந்தக் கைகளையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டான். எங்களைப் போக விட்டார்கள்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் சாயம். அட்டையும் தலையும் ஒத்துப்போக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பேர்கனுக்கு வந்து பதினொரு வருடமாகியும் நான் அதை மீறவில்லை.

மாரித் என் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுப் பூசிச் சோதித்துவிட்டுச் சொன்னாள்: "இது தோலைச் சுடாது. ஆனால் ஏழெட்டுத் தடவை நனைந்தால் போய்விடும்."

"மழையில் வழியுமா?"

"பேர்கனில் இருந்துகொண்டு மழைக்குப் பயப்படுகிறாயா?" என்று சிரித்தாள். நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

ஊரில் சண்டை கொஞ்சம் ஓய்ந்து பாதை திறந்திருக்கிறது. எத்தனை நாளைக்கோ தெரியாது. இந்த மார்கழியை விட்டால் அம்மாவை எப்போது பார்ப்பேன்? பழைய சாயம் சுடும், புதிய சாயம் வழியும். ஞாயிற்றுக்கிழமை அம்மா வாழைச்சேனைத் தொலைபேசிக் கடைக்கு வந்து காத்திருந்தபோது இதையெல்லாம் சொன்னேன்.

"ஒண்டும் பூசாத புள்ள. செம்பட்டையாவே வா. சென்றியடியில நான் நிக்கிறன். கேட்டா, இது நான் பெத்த நிறம் எண்டு சொல்றன்." பிறகு, "எண்ணெய மட்டும் வெச்சிட்டு வா" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மார்கழி நெருங்கியபோது சலூனுக்குப் போய்ச் சாயம் வேண்டாம் என்றேன்; மாரித் கறுப்பை வெட்டிவிடவா என்று கேட்டாள். அதுவும் வேண்டாம் என்றேன். இப்போதைய தலையோடேயே எடுத்த புதிய கடவுச்சீட்டில் என் படம் வர்ணத்தில் இருக்கிறது. வகிட்டிலிருந்து இரண்டு விரலுக்குச் சிவப்பு, மீதி கறுப்பு. அங்கே பழைய அட்டையோடு ஒத்துப்போகும் கறுப்பைப் பார்த்து உள்ளே விடுவார்கள், திரும்பி வரும்போது இங்கே கடவுச்சீட்டோடு ஒத்துப்போகும் சிவப்பைப் பார்த்து விடுவார்கள் என்று நம்பிப் பெட்டி அடுக்கியிருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று குடையையும் வைத்திருக்கிறேன்.