இருவர் திருத்திய ரிலே

என் மனைவி மாதங்கி யாரையும் நம்ப மாட்டாள். நான் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள். இதை வைத்து நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை. பவானிபூரிலிருந்து பஸ் பிடித்து, ஃபெரியில் ஆற்றைக் கடந்து, ஹவுராவில் ஒரு சப்ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே பாதுகாப்பு ரிலேக்கள் அவள் பொறுப்பு.

மின்கம்பி அறுந்து விழுந்தால் கரண்ட் மண்ணுக்குப் பாயும். அது தன் லைனா, பக்கத்து லைனா என்று திசை பார்த்து, தன் லைன் என்றால் மட்டும் உடனே அணைப்பது ரிலேயின் வேலை. இந்த மழைக்காலத்தில் ஒரு ரிலே தலைகீழாக நடந்தது. பக்கத்து லைனில் கோளாறு வந்தால் தன் லைனை அணைத்தது. மாதங்கி கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து செட்டிங்கில் திசையை மாற்றினாள். அதே மதியம், வெளியே யார்டில் ஒப்பந்த டெக்னீஷியன் சிவராஜ், ரிலேவுக்குப் போகும் ஒயர்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு முறை திருப்பினால் பழைய இடம்தானே! லைனில் கரண்ட் ஓடும்போது ஒரு தடவை திசையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். லைனில் கரண்டைத் திரும்பக் கொடு, கொடு என்று மேலதிகாரி உயிரை வாங்கியதில் அது விட்டுப்போயிற்று.

அடுத்த மழையில் அதே லைனின் கம்பி அறுந்து, மிதித்து ஓட்டும் ஒரு சைக்கிள் வேன்மேல் விழுந்தது. ரிலே சும்மா இருந்தது. அதற்கும் முன்னால், கரண்ட் வரும் வழியில் இருந்த பெரிய ஸ்விட்ச்சான பிரேக்கர் தாமதமாகத்தான் லைனை அணைத்தது. அதற்குள் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த வேன்காரரின் கை கருகிவிட்டது. கையை எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் ஒயரைத் தொட்டது யார் என்று மட்டும் கேட்டார்கள்; பழி சிவராஜ்மேல் விழுந்தது. செட்டிங்கைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தானே போய்ச் சொல்லிவிடப்போவதாக மாதங்கி என்னிடம் சொன்னாள்.

"கேக்காததை நீயா ஏன் சொல்லணும்?" என்றேன். எனக்குப் பயம்.

"அவன் ஒயரைச் சரியாத்தான் போட்டிருக்கான். நான் மாத்தினதுதான் இப்போ தப்பாயிடுத்து."

"அவன் உன்கிட்ட சொல்லலியே?"

"நான் மட்டும் சொன்னேனா?"

மறுநாள் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னா?"

"எனக்கு வார்னிங். உண்மையைச் சொன்னதுக்கு தேங்க்ஸும் சொன்னா."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதை என் முகத்தில் பார்த்துவிட்டாள்.

"சிவராஜை முந்தாநேத்தே வேலையை விட்டு அனுப்பிட்டாளாம். காண்ட்ராக்ட் ஆள்தானேன்னா. திரும்பக் கூப்பிடுங்கோன்னு கெஞ்சினேன். வேற ஆள் வந்தாச்சாம்."

"அவனுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லேன்."

"ஃபெரியிலேர்ந்து பண்ணிண்டே இருக்கேன். என் பேரைப் பாத்ததும் கட் பண்றான்."

அவள் மறுபடி அவன் நம்பரை அழுத்தினாள்.