தாத்தா வாளில் 'டி'

ரோஸ்வித்தா யாருக்காகவும் ஒரு வாளின் கதையை ஊதிப் பெருக்கியதில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்திப் பட்டறையில் கைப்பிடி பொருத்தியே ஓய்வு பெற்றவள். பழைய ராணுவ வாள் சேகரிப்பவர்கள் ஹாம்பர்க்கிலிருந்துகூட அவள் சமையலறைக்கு வருவார்கள். காபி கொடுப்பாள், பிளம் கேக் கொடுப்பாள். பொய் மட்டும் கிடைக்காது. ராணுவ அதிகாரியின் வாள் என்று சொந்த அண்ணன் பெருமையாக நீட்டியதைப் பார்த்து, "இது தீயணைப்புக்காரன் ஊர்வலத்துல இடுப்புல மாட்டிக்கிட்டது" என்று போட்டு உடைத்துவிட்டாள். அதோடு அண்ணனின் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் நின்றுபோனது.

அதனால்தான் டெட்லெஃப் வாளோடு வந்தபோது அவள் முதலில் கேக்கைத்தான் நீட்டினாள். கணவர் போன பிறகு புதன்கிழமை தவறாமல் சீட்டாட வருகிற ஒரே ஜீவன் அவர்தான்.

டெட்லெஃபின் தாத்தா கெய்சர் மன்னர் காலத்தில், தொப்பியில் மண்டையோடு குத்திய குதிரைப்படையில் இருந்தாராம். சாட்சி, கைப்பிடிக் காப்பில் பொறித்திருக்கும் 'டி'. அவர்கள் மொழியில் மண்டையோடு 'டோட்டன்கோப்'. மூன்று தலைமுறையாக வீட்டில் அப்படித்தான் படித்தார்கள். இப்போது ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கக் கூடத்தில் வாளை மாட்டி, கீழே பித்தளைப் பலகை வைக்கப் போகிறார்கள்.

"குதிரைப்படைன்னு ஒரு வரி எழுதிக் குடு ரோஸ்வி. இன்ஷூரன்ஸுக்கு விலையையும் போட்டுடு."

அவள் காப்பிலும் உறையிலும் இருந்த எண்களை ஒப்பிட்டாள். வாளை உருவி அதன் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நம்பர் ரெண்டும் ஒண்ணுதான். வாளும் உறையும் ஜோடி பிரியல, நல்ல விலை போகும். ஆனா இந்த 'டி' மண்டையோடு இல்ல, கிழவா. 'ட்ரேன்'. படைக்குப் பின்னால போற சரக்கு வண்டி. உங்க தாத்தா ரொட்டி ஏத்திட்டுப் போயிருக்காரு."

"ரொட்டியா?"

"ரொட்டி, உருளைக்கிழங்கு, குதிரைக்குப் புல்லு. சண்டைக்குக் கிளம்புறப்போ வாளைத் தீட்டிக் குடுப்பாங்க. இதை யாரும் தீட்டவே இல்ல."

குதிரைப்படை என்று எழுதினால் விலை இரண்டு மடங்காகும் என்று முனகிப் பார்த்தார். எழுத மாட்டேன் என்றாள். டெட்லெஃப் வாளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். கேக்கைத் தொடவில்லை.

அடுத்த புதன்கிழமை சீட்டுக்கட்டை எடுத்து வைத்தாள். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தாள். உண்மையைச் சொன்னதில் அவளுக்கு வருத்தமில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மணி அடித்தது. வாசலில் டெட்லெஃப், அக்குளில் ஒரு முழு ரொட்டி.

"தாத்தா குடுத்தனுப்பினாரு" என்று மேசையில் வைத்தார். "பலகையில வண்டிக்காரர்னே எழுதச் சொல்லிட்டேன். சங்கத்துல சிரிச்சானுங்க. அவனவன் தாத்தா யார் கொண்டுவந்ததைத் தின்னுட்டுச் சண்டை போட்டாராம்னு கேட்டேன்."

ரோஸ்வித்தா ரொட்டியைத் தட்டிப் பார்த்தாள். நன்றாக வெந்திருந்தது.

"கத்திய நீயே எடு" என்றார் டெட்லெஃப். "அவரோடது வெட்டாது."