கேப்பைக் கழற்றிய துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் என் கணவர் பெயரில். புதூர்ப் பக்கம் மானாவாரி வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. புரட்டாசியில் மக்காச்சோளத்தைப் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மழைக்கு முந்தி காட்டுப்பன்றி வந்துவிடும். சால் சாலாக மூக்கை விட்டுக் கிளறி, போட்ட விதையை எல்லாம் தின்றுவிட்டுப் போகும். அதை விரட்ட மேலே பார்த்து ஒரு வெடி போடத்தான் துப்பாக்கி.

நான் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரி. கோவில்பட்டியில் டீச்சர் வேலை. என் பிறந்த வீட்டில் மண்வெட்டியைக்கூட வாய் சுவரைப் பார்க்கத்தான் சாத்திவைப்போம். வாக்கப்பட்டு வந்த வீட்டிலோ நடுவீட்டு ஆணியில், குடைக்குப் பக்கத்தில், துப்பாக்கி தொங்கியது. பழைய மாதிரித் துப்பாக்கி. அதற்குத் தோட்டா கிடையாது. குழாயின் வாய்வழியாக வெடிமருந்தையும் ஈய ரவையையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் பொட்டு அளவில் ஒரு கேப்பு மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் கேப்பு பொறி தட்டி உள்ளே இருக்கும் மருந்து வெடிக்கும்.

கெட்டித்த மருந்தைத் திரும்ப வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. சுட்டுத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்து நோண்ட வேண்டும். பன்றி வராத நாளில் அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? கேப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மருந்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். கேட்டால், கேப்பு இல்லாவிட்டால் அது வெறும் கம்பு என்பார் என் கணவர். அவர் தம்பியும் அதையேதான் சொல்வார். அந்த வீட்டில் அது வேதவாக்கு.

எனக்கு அது ஒப்பவில்லை. மருந்து இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், குழாயின் வாய் ஆளைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யார் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் "அங்கிட்டுத் திருப்புங்க" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிடும். லைசென்ஸ் இல்லாத தம்பி அதைத் தொடவே கூடாது என்றும் சொன்னேன். சொல்லி என்ன? வீட்டுக்கு ஒரு கேலிப்பொருள் கிடைத்ததுதான் மிச்சம். என் கொழுந்தன் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தால், "மதினி வாராக" என்று அதையும் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடிப்பார். என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜைக்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டியதும் ஒவ்வொரு கருவியும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். டிராக்டரை உறுமவிட்டு அணைப்பார்கள். பூச்சிமருந்தடிக்கும் மெஷினை ஓட்டிக்காட்டுவார்கள். அரிவாள் மாட்டுக்குப் போடும் சோளநாற்றில் ஒரு பிடி அறுக்கும். துப்பாக்கிக்கு மட்டும் வெறும் குழாயில் ஒரு கேப்பை மாட்டி, சட்டென்று அடிப்பார்கள். பிள்ளைகளின் தீபாவளித் துப்பாக்கிச் சத்தம்தான் வரும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பூஜை அது. என் கணவர் அதற்குச் சில நாள் முன்பே துப்பாக்கியைச் சுட்டுத் தீர்த்துத் துடைத்து மாட்டியிருந்தார். அது காலி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பூஜைக்கு முந்தின சாயங்காலம் கொழுந்தன் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறார். மருந்தும் ரவையும் கெட்டித்துக் காத்திருந்திருக்கிறார். பன்றி வரவில்லை. வழக்கம்போலக் கேப்பைக் கழற்றிவிட்டு வந்து ஆணியில் மாட்டிவிட்டார். கம்புதானே, அதைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும்? என் கணவரும் எண்ணெய்த் துணியால் வெளியே பளபளவென்று துடைத்தாரே தவிர உள்ளே பார்க்கவில்லை.

முற்றத்தில் பூஜை முடிந்தது. டிராக்டர் உறுமி அடங்கியது. நான் சூடத்தட்டோடு எதிரே நின்றேன். என் கணவர் புதுக் கேப்பை மாட்டினார். குழாய் நேராக என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அங்கிட்டுத் திருப்புங்க" என்று நான் வழக்கமான என் பாட்டைப் பாடினேன்.

அன்றைக்கு அவர் நல்ல குஷியில் இருந்தார். "டீச்சரம்மா உத்தரவு" என்று இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டு, எல்லோரும் சிரிக்கும்படி உடம்போடு மதில்பக்கம் திரும்பி விசையை இழுத்தார்.

காது அடைத்துப்போயிற்று. முற்றமெல்லாம் புகை. மதிலை ஒட்டித் திண்டின்மேல் நின்ற நீலத் தண்ணீர் டிரம்மில் பல இடத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தட்டு எப்போது என் கையிலிருந்து விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து, "நான்தான் அண்ணே கெட்டிச்சேன்" என்று அழ ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, தீபாவளி வெடி இப்போதே வாங்கியாச்சா என்று கேட்டார். என் கணவர் ஆமா என்று தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"வெடியில்ல அண்ணாச்சி, துப்பாக்கி. என்னைச் சுட்டிருக்கும்" என்றேன்.

மற்றவர்கள் போன பிறகு அந்த டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஓட்டைகள் என் நெஞ்சு உயரத்தில் இருந்தன. அவர் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்துத் திரும்பியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திரும்பியது கேலிக்கு. அன்றைக்கு அவருக்குத் தலைவலி என்றாலும் போதும், சும்மா நேரே அடித்திருப்பார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அதன்பிறகு துப்பாக்கி ஆணியிலிருந்து இறங்கிப் பூட்டுப்போட்ட பெட்டிக்குள் போனது. சாவி என் கணவரிடம் மட்டும். காட்டில் கெட்டித்த மருந்து காட்டிலேயே தீர வேண்டும், வீட்டுக்கு வரக் கூடாது. கெட்டிக்கும் கம்பியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். காலிக் குழாயில் கம்பியை விட்டால் கோடு சரியாக வாயில் நிற்கும். உள்ளே எதுவும் இருந்தால் கோடு மேலே ஏறி நின்று காட்டிக்கொடுத்துவிடும். கொழுந்தன் இப்போது துப்பாக்கி இருக்கும் அறைக்குள்ளேயே வருவதில்லை.

போன வருஷ ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குக் குரல் கிடையாது, சந்தனப் பொட்டு மட்டும்தான் என்று முடிவானது. கேப்பு டப்பா பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. என் கணவர் கம்பியை விட்டுக் கோட்டை எல்லோருக்கும் காட்டினார். பிறகு குழாயை மதில்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார். யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்கு என்னவோபோல் இருந்தது.

"வெறும் கம்புதான? அதைப் போய் ஏன் திருப்புதீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"இங்கன நீ நிக்கியே, அதான்" என்றார்.

நான் சூடத்தைப் பற்றவைத்தேன்.