அண்ணனின் தொட்டியில் நான் எடுத்த ஞானஸ்நானம்

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் முதலில் சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் தங்கள் வாழ்க்கையில் என்ன செய்தார் என்பதை எல்லோர் முன்பும் நின்று சொல்வதுதான் சாட்சி. குடியை விட்டவர்கள் அதைச் சொல்வார்கள். டாக்டர் கைவிரித்த பிறகும் பிழைத்தவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள். எனக்குச் சொல்ல அப்படி எதுவும் இல்லை. நான் உருகி ஜெபித்தது என் அப்பாவுக்காக. அவர் இறந்துபோனார்.

திருவண்ணாமலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பாஸ்டரம்மாதான் என்னைச் சபைக்குக் கூப்பிட்டார். அப்போது அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். எங்கேயாவது உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்ததால் போனேன். அழப் போன இடத்தில் மெல்லப் பிரசங்கத்தைக் கேட்கவும் தொடங்கினேன். வேன் ஓட்டுகிற என் கணவர், "உனக்கு நிம்மதியா இருந்தா போயிட்டு வா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அப்பா போன பிறகு நான் சபையை விட்டுவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானோ ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் பாஸ்டர் எங்கள் சபையின் விசுவாசத்தை ஒவ்வொன்றாக விளக்குவார். வேதாகமம் தேவனுடைய வார்த்தை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, ஆனாலும் ஒரே தேவன். அது எப்படி என்று கேட்டேன். "எனக்கே முழுசா புரியலம்மா. முழுசா புரிஞ்சுடுச்சுன்னு எவனாவது சொன்னா நம்பாத" என்றார். அந்தப் பதிலால்தான் அவர் சொன்ன மற்றவற்றை நம்பிக் கேட்டேன். இயேசு நம் பாவங்களுக்காகச் சிலுவையில் மரித்தார், உயிரோடு எழுந்தார், திரும்பி வருவார். இவை எனக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இருந்தது கிருபை. ரட்சிப்பை யாரும் சம்பாதிக்க முடியாது, அது இலவசம், விசுவாசித்து வாங்கிக்கொள்ள மட்டும்தான் முடியும் என்றார். நாள் முழுக்க மெஷின் மிதித்துச் சாப்பிடுகிறவள் நான். சும்மா கிடைக்கிற எதையும் நம்பிப் பழக்கமில்லை. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

வழக்கமாக ஏரியில்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அந்தக் கோடையில் ஏரி வெடித்துக் கிடந்தது. எங்கே போவது என்று பாஸ்டர் யோசித்தபோது, "எங்க அண்ணன் நிலத்துல மோட்டார் தொட்டி இருக்கு. நான் கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அப்பாவின் கருமாதியில் நான் சடங்குகள் எதுவும் செய்யாமல் ஓரமாக நின்றேன். அன்றிலிருந்து அண்ணன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நான் போனபோது அண்ணன் வரப்பில் களை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என் தொட்டியிலயா?"

"ஆமாண்ணா."

"அதுல முழுவி எழுந்தா பாவம் போயிடுமா?"

"போவாதுண்ணா. தண்ணி எதையும் கழுவாது. இயேசு செத்து எழுந்ததாலதான் என் பாவம் போச்சுன்னு நம்பறேன். முழுவுறது, அத ஊரறிய ஒத்துக்கிறது. அவ்ளோதான்."

"அப்பாவுக்கு அவ்ளோ ஜெபம் பண்ணியே, பொழைச்சாரா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பஸ்ஸில் வரும்போதே பதில் யோசித்திருந்தேன். அதை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"பொழைக்கல."

"அப்புறம் இன்னாத்துக்கு இன்னும் புடிச்சுக்கினு இருக்க?"

"கேட்டத குடுத்தாதான் நம்புவேன்னா, அது நம்பிக்கை இல்லண்ணா, வியாபாரம். அவர் எனக்காக உயிரையே குடுத்துட்டார்னு நம்பறேன். அதுக்கு மேல நான் கேட்டு அவர் குடுக்கலன்னா, அழுவேன். விட்டுட்டு வரமாட்டேன்."

அண்ணன் குனிந்து மறுபடி வெட்டத் தொடங்கினார். நான் திரும்பி நடந்து பம்புசெட் வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையிலதான் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரெண்ட் வரும். லேட்டா வந்து தண்ணி இல்லன்னு சொல்லாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேனில் போய் இறங்கியபோது தொட்டி பாசி இல்லாமல் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அண்ணி, பெண்கள் துணி மாற்ற மோட்டார் கொட்டகை வாசலில் பழைய புடவையைக் கட்டிவைத்திருந்தார். அண்ணன் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு முன்னால் ஒரு கொத்தனார் குடியை விட்ட கதையைச் சொன்னார். அல்லேலூயா சத்தம் வயல் தாண்டிக் கேட்டிருக்கும். பிறகு என் முறை. முன்னால் போய் நின்றேன்.

"எனக்கு அற்புதம் எதுவும் நடக்கல. எங்கப்பாவுக்காக ஜெபம் பண்ணேன், அவர் செத்துட்டார். ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா இயேசு எனக்காக மரிச்சார், உயிரோட எழுந்தார்னு நம்பறேன். நான் நல்லவள்னு இல்ல, அவர் நல்லவர்னு வந்திருக்கேன்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அதற்குச் சொல்வதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாஸ்டர்தான் தாழ்ந்த குரலில் "ஆமென்" என்றார். தொட்டியில் இறங்கினேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்னை முழுக்கி எடுத்தார். காதில் தண்ணீரோடு எழுந்தபோது பாட்டுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது.

துணி மாற்றி வெளியே வரும்போது பக்கத்து நிலத்துக்காரர் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, உன் தொட்டியிலயே மதம் மாத்தறாங்க, நீ பாத்துக்கினு நிக்கற?"

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "யாரும் யாரையும் மாத்தல. என் தங்கச்சி நம்பறத சொல்லிச்சு. ஒண்ணும் கெடைக்கலன்னு அவ்ளோ பேர் முன்னால சொல்லிச்சு பாரு, அந்த தைரியம் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

ஈரத் தலையோடு அங்கேயே நின்றேன். என்னைப் பற்றி அண்ணன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரைப் பெருமையாகப் பார்த்தேன். என்னைப் பற்றியும் பெருமையாகத்தான் இருந்தது. பெருமை கூடாது என்று வகுப்பில் படித்தவள்தான். ஆனாலும் அன்று அதை நான் அடக்கவில்லை.

அண்ணன் சபைக்கு வந்ததில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்ணியோடு மலை சுற்ற வருவார். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, செருப்பை உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள். போன மாதம் சுற்றி முடித்து வந்து, தையல் மேஜை மேல் சாய்ந்துகொண்டு அண்ணன் கேட்டார்.

"இவ்ளோ தூரம் நடந்து கால் வீங்கிப்போச்சு. இதெல்லாம் உங்க ஆண்டவர் கணக்குல சேராதுல்ல?"

"சேராதுண்ணா" என்றேன். பொய் சொல்ல முடியாது. "நான் வாராவாரம் சர்ச்சுக்குப் போறதும் சேராது. நான் உபவாசம் இருக்கிறதும் சேராது."

அண்ணன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதுவுமா?"

"அதுவும்தான்."

"அப்ப நீயும் நானும் ஒண்ணுதான்னு சொல்லு" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்தார். எங்கள் சபையின் விசுவாசத்தில் பாதியைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார் அண்ணன். அது இலவசம் என்கிற மீதிப் பாதியை நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.