கெடாத பாட்டில்கள்

நம்பாதவர்களோடு நான் வாதாடப்போவதில்லை. பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், நடந்தது நடந்ததுதான்.

திசு வளர்ப்புக் கூடத்தில் நான் ஆய்வு மாணவி. ஒரு மூலிகையின் செல்களைப் பாட்டிலுக்குள் வளர்த்து, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்தை அதிலிருந்து பிரிப்பது என் வேலை. அந்தச் சாற்றை ஊதாக் கரைசலில் விட்டால், கண் இமைப்பதற்குள் ஊதா வெளுத்து மஞ்சளாகும். தாய்ச்செடி தொட்டியிலேயே செத்துவிட்டது. மிஞ்சியவை இருட்டறையில் ஆறு பாட்டில்கள். அன்று அவையும் கறுக்கத் தொடங்கியிருந்தன. உடனே புதுப் பாட்டில்களுக்கு மாற்றாவிட்டால் மூன்று வருட உழைப்பு குப்பைக்கு.

என் கையோ ராசியில்லாத கை. நான் மாற்றியதில் பாதி கெட்டுப்போகும். வாயிலிருந்து வரும் கிருமியே போதும் என்பதால், செல்களை வெட்டும்போது அங்கே யாரும் பேசுவதில்லை. "நீ பேசவே வேணாம்டி, மூச்சே ரயில் எஞ்சின்" என்பாள் சீனியர் அக்கா. அவளைத்தான் கூப்பிட்டேன். "பாக்கறேன்டி" என்று போனை வைத்தாள்.

மதியம் மூன்றேகாலுக்கு உள்ளே போனேன். கிருமி அண்டாதபடி சுத்தக் காற்று வீசும் மேடை முன்னால் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் முகமூடியுமாக அக்கா உட்கார்ந்திருந்தாள். அப்பாடா என்றிருந்தது. வழக்கப்படி வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்ந்தேன். அவள் வெட்டிய செல் துண்டைப் புதுப் பாட்டிலில் வைத்து மூடி என் பக்கம் தள்ளினாள். நான் மூடியைச் சுற்றி நாடா ஒட்டினேன்.

டிக்... இடுக்கி கண்ணாடியில் படும் ஓசை. டிக்...

வேறு ஓசையே இல்லை. மேடையின் விசிறி இரையவில்லை.

காற்று வீசினால் மேடை மேல் எரியும் விளக்கின் சுடர் நம் பக்கம் சாயும். அது நேராக நின்றது.

என் மூச்சு பட்டு என் மூக்குக்கண்ணாடி மங்கியது. அவளுடையது மங்கவே இல்லை.

தோளைப் பார்த்தேன். ஏறவில்லை... இறங்கவில்லை.

கடைசிப் பாட்டிலுக்கு நாடா ஒட்டியபோது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன்.

அக்கா.

பேசக் கூடாத இடம்தான். எடுத்தேன்.

"வர முடியலடி. குழந்தைக்குக் காய்ச்சல்..."

நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

சுடர் மட்டும் எரிந்தது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் சத்தம் போட்டார். "விசிறி மோட்டாரை வெள்ளிக்கிழமையே கழட்டிட்டுப் போனேனே! காத்தே இல்லாம யாரும்மா அதுல வேலை பாத்தது? அத்தனையும் கெட்டுத்தான் போகும்."

கெடட்டும் என்றுகூட நினைத்தேன். கெட்டால் நான் நிம்மதியாகத் தூங்கலாம்.

பத்து நாள் ஆயிற்று. ஆறிலிருந்து பிரித்த இருபத்து நான்கு பாட்டில்கள். எல்லாவற்றிலும் வெண்ணெய் நிறத்தில் புதுச் செல்கள். ஒன்றுகூடக் கெடவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என் கையிலயே நாலுல ஒண்ணு போகும்டி" என்றாள் கடைசியில். "அதுவும் காத்து இல்லாம... மூச்சு விடற யார் கையிலயும் இப்படி வராது."