அவுஸ்திரேலியப் பாக்களோடு வாழ்ந்த அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் மொன்றியல் ரொக்ஸ்பரோ வீட்டுக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! அக்கா என்ன படித்தவர் என்று உங்களில் பலர் செத்தவீட்டில் கேட்டீர்கள். அதற்குப் பதிலைத் தங்கை நான் இன்று இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா சாவகச்சேரியில் பிறந்தவர், எங்களில் மூத்தவர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தபோது, நூலகத்தில் எவரும் தொடாமற் கிடந்த பழைய அவுஸ்திரேலிய வாரச் சஞ்சிகைகள் அவருக்கு அகப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தவை. ஆட்டு மயிர் கத்தரிப்போர், ரயில்வே ஊழியர், கடைப் பெண்கள் எல்லாரும் புனைபெயரில் எழுதிய எதுகைப் பாக்கள் அவற்றில் நிறைந்திருந்தன. சனங்கள் மனப்பாடம் செய்து கூட்டங்களில் சொல்லி மகிழ்ந்த பாக்கள். படித்தவர்கள் அவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. அக்கா மதித்தார்.

"ஆம்பிளையள் எழுதினதிலை ரோட்டு வரும், குதிரை வரும். பொம்பிளையள் எழுதினதிலை யன்னல்தான் வரும்" என்று எனக்குச் சொல்வார்.

அந்தப் பெண்களைப் பற்றி ஆராய அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் கிடைத்தது. யுத்தம் அதைக் கெடுத்தது. அத்தானோடு அக்கா அகதியாகக் கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்தார்.

இங்கே அவர்களின் அகதி வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அது முடியுமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அதற்கிடையில், துறைமுகப் பக்கம் களஞ்சிய வேலைக்குப் போன அத்தான் விழுந்ததில் முள்ளந்தண்டு அடிபட்டு, கால்கள் இயங்காமற் போயின. அக்கா குளிர்கோட்டுகள் தைக்கும் வேலையை விட்டு வீட்டோடு நின்றார். வாரத்தில் ஒரு பிற்பகல் நான் அத்தானோடு இருப்பேன். அக்கா ரயிலேறி நகரத்து நூலகத்துக்கு ஓடுவார். அங்கே மைக்ரோபிலிம் சுருள்களில் அந்தச் சஞ்சிகைகளை வாசிப்பார்.

"வாசிக்கேக்கை மூச்சு வருது. ரயில் திரும்பேக்கை அடைக்குது" என்று ஒருமுறை சொன்னார்.

பிறகு, அந்தப் பெண்களைப் பற்றி அக்கா எழுதி அனுப்பியதைப் பார்த்து, மெல்பேர்னில் நடக்கவிருந்த மாநாடு ஒன்றில் பேச அழைப்பு வந்தது. வழக்கு அப்போதும் முடியவில்லை.

"நீ போ. திரும்பி வரேலாட்டிலும் பரவாயில்லை. என்னாலை இஞ்சை அடைபட்டுக் கிடக்கிறாய்" என்றார் அத்தான்.

"ஓம், அடைபட்டுத்தான் கிடக்கிறன். இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன்" என்றார் அக்கா. "ஆனா உங்களை விட்டிட்டுப் போய் அங்கை என்னத்தைக் கதைக்கிறது?"

கடைசியில் தொலைபேசியில் பேசட்டும் என்று மாநாட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்கள். அங்கே காலை, இங்கே மாசிமாதத்துப் பின்னேரம். அக்கா கூறைச்சேலை உடுத்து, தலைவாரி, குசினி மேசையில் அமர்ந்தார். அத்தான் சக்கர நாற்காலியில் இருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆண் பெயரில் எழுதிய ஒரு கடைப் பெண்ணின் பாக்களை அக்கா ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். முடிந்ததும் ரிசீவருக்குள் கைதட்டல் இரைந்தது. அதை அத்தானின் காதில் வைத்து, "கேக்குதே?" என்று சிரித்தார்.

பிறகு, "கொஞ்சம் வெளியிலை நடந்திட்டு வருவமோ, பிள்ளை?" என்றார். கதவைத் திறந்தோம். படியே தெரியாமல் பனி மூடியிருந்தது. திரும்பவும் சாத்தினோம். அக்கா நெடுநேரம் சேலை மாற்றவில்லை.

அடுத்த ஆண்டு இரத்தப் புற்றுநோய் கண்டது. வழக்கு வென்ற செய்தியை மருத்துவமனைக் கட்டிலில்தான் கேட்டார். "வந்திட்டுதோ? பேந்து பாப்பம்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சில வாரங்களில் கண்மூடினார்.

பனியிலும் அக்காவை மருத்துவமனைக்கு ஏற்றிப்போன பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுத் தம்பதியருக்கும், பிலிம் சுருள்களைத் தேடி வருவித்துக் கொடுத்த நூலகப் பெண்மணிக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உங்கள் அனைவருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். மெல்பேர்னில் அன்று கைதட்டியவர்களுக்கும் இம்மலர் போகிறது. முன்னட்டையில் அக்காவின் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னவர் அத்தான்.

"அவையள் இவளின்ரை குரலைத்தானே கேட்டவை. முகத்தையும் பாக்கட்டும்" என்றார்.