பள்ளத்துப் பேக்டரி ரோடு தவிர

நீலகிரி மலையைப் படைத்தது கடவுள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் படைத்து முடித்துவிட்டு, எங்கே நின்று பார்த்தால் அழகாகத் தெரியும் என்று தெரியாமல் அவர் முழித்தபோது, கையைப் பிடித்து லேம்ஸ் ராக்கில் கொண்டுபோய் நிறுத்தியவர் குன்னூர் மொய்னுதீன் பாய். தொட்டபெட்டாவைப் பார்த்து இவர் ஒருநாள் உதட்டைப் பிதுக்கியதால், மலை வெட்கப்பட்டு இன்னும் நாலடி வளர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற மலை ரயில் வழியில் நின்று நின்று வருவது தண்ணீர் பிடிக்க அல்ல. பாய் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளத்தான்.

இதெல்லாம் உண்மை. பரீட்சையில் எழுதினால் மட்டும் மார்க் போட மாட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் இருபது வருஷம் செய்த வேலை, பச்சைத் தேயிலை சுமப்பது. மத்தியானமானால் தன் மேட்டடார் வேனை எடுத்துக்கொண்டு சின்னச் சின்னத் தோட்டங்களுக்குப் போவார். எடை போட்டு வைத்திருக்கும் இலை மூட்டைகளை ஏற்றுவார். வண்டி நிறைந்ததும் நேரே பள்ளத்துப் பேக்டரி. பறித்த இலை மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிக் கருத்துப்போகும். அதனால் இலை ஏறிய வண்டி டீ குடிக்கக்கூட எங்கும் நிற்காது. பாரமும் மாலைப் பொழுதும் சேர்ந்துவிட்டால், வண்டி எங்கே போக வேண்டும் என்று பாய் யோசிக்க வேண்டியதே இல்லை.

பிறகு பச்சை இலை விலை விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவில்லை. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை காணாது என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டார்கள். இடுப்பளவு நின்ற செடிகள், கேட்க ஆளில்லாத பிள்ளைகள் மாதிரி மரமாக வளர்ந்தன. சித்திரை மாதம் பள்ளத்துப் பேக்டரியைப் பூட்டினார்கள். சுமக்க இலை இல்லாத பாய் வேனைக் கழுவி சீட் போட்டார். அவர் மனைவி நாஜ்னீன் பழைய ஜன்னல் திரைகளை வெட்டி சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தார். இலை மூட்டை ஏறிய வண்டியில் ஊர் பார்க்க வந்தவர்கள் ஏறினார்கள். எத்தனை கழுவியும் இலை வாசம் மட்டும் போகவில்லை. ஏறினவர்கள் மூக்கை உறிஞ்சி, என்ன சென்ட் என்று கேட்பார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்பார் பாய்.

ஐப்பசியில் ஒருநாள் ஆறுச்சாமி அவரை வீட்டுக்குக் கூப்பிட்டார். பள்ளத்துப் பேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர் அவர். இலையை எவ்வளவு நேரம் வதக்குவது, எப்போது அரைப்பது என்று சொல்கிற ஆள். அவர் மகள் இந்துவுக்குப் பல்லடத்தில் மாப்பிள்ளை நிச்சயமான சமயத்தில் பேக்டரி ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் வரும்போது ஓடவில்லை. பத்திரிகையில் ஆறுச்சாமியின் பெயருக்குக் கீழே டீ மேக்கர் என்றும் பேக்டரியின் பெயரும் அச்சடித்தாகிவிட்டது.

"பாய், நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க வாராங்க. காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் நீங்கதான் ஊரச் சுத்திக் காட்டோணும்."

"காட்டிட்டாப் போவுதுங்ணா."

"எல்லாத்தையும் காட்டுங்க. பள்ளத்து ரோட்டுக்கு மட்டும்..."

"வண்டி அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பாதுங்ணா."

"தாலி ஏறட்டும். நானே சொல்லிப்போடறேன். இப்பத் தெரிஞ்சா நிறுத்திருவாங்க பாய். புள்ள தாங்க மாட்டா."

பேசிக்கொண்டே ஒரு டம்ளர் டீ கொடுத்தார். பாய் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. கடையில் வாங்கிய தூள். ஆறுச்சாமி வீட்டில் அப்படி ஒரு டீயை அவர் குடித்ததே இல்லை.

மறுநாள் பல்லடத்துக்காரர்கள் வேன் நிறைய ஏறினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கருப்புசாமி முன் சீட்டில். தறி ஓட்டுகிறவர், குறைவாகப் பேசுகிறவர். அவர் அக்கா காளியம்மாள் பின்னால், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர்.

ஊரைக் காட்டுவதில் பாய்க்கு ஒரு முறை உண்டு. முதலில் வயிறு, அப்புறம் கண். பெட்போர்டு பக்கத்து பேக்கரியில் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய மொறுமொறு வர்க்கி. அதைத் தின்ற கையோடு சிம்ஸ் பார்க். லேம்ஸ் ராக் போகிற வழியில் மிளகாய் பஜ்ஜி. டால்பின் மூக்குப் பாறையில் வேகவைத்த சோளம். சோளம் கிடைத்தது, காட்சி கிடைக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் பனி வெள்ளையாக மூடியிருந்தது.

"அதா, அங்கதானுங்க காத்தரின் அருவி. இப்பப் போத்திட்டுத் தூங்குது."

"ஏனுங்க டைவரு," என்றார் காளியம்மாள், "நீங்க எங்களுக்கு ஊரக் காட்டறீங்களா, கடையக் காட்டறீங்களா?"

"ஊரே கடைலதானுங்க இருக்குது, அம்மணி."

"அப்பக் கொஞ்சம் மெதுவாக் காட்டுங்க. நாளைக்குப் பந்தியில உக்காரவும் வயித்துல எடம் வேணுமல்லோ."

கருப்புசாமி சோளத்தை மென்று முடித்துவிட்டுக் கேட்டார். "நம்ம சம்பந்தி பேக்டரி எந்தப் பக்கமுங்க?"

"அந்தப் பக்கம் காட்டெருமை எறங்கி நிக்குதுங்க. காலைலதான் சொன்னாங்க."

சிறிது தூரம் போனதும் மறுபடி கேட்டார். இந்தத் தடவை, வெளியாட்கள் உள்ளே போக மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்றார் பாய். மூன்றாம் தடவை அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் கேரட் வாங்கிக் கொடுத்தார். மண் போகக் கழுவி, இலையோடு, கட்டுக் கட்டாக. கருப்புசாமி கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேத்திப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாய்க்கு உள்ளுக்குள் லேசாகியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம், இவர்களைக் கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டால் முடிந்தது. காளியம்மாள் தன் தம்பி சின்ன வயதில் தறிக்குழியில் ஒளிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட கதையைச் சொன்னார். வேனே குலுங்கிச் சிரித்தது. பாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரோடு பிரிகிற இடத்தில் இடது பக்கம் திருப்பினார்.

வண்டி நிறையப் பாரம். மாலைப் பொழுது. இருபது வருஷம் அங்கே இடது பக்கம் திரும்பிய கை.

வளைவு தாண்டியதும், இலை வதங்குகிற வாசம் மூக்கில் ஏற வேண்டும். ஏறவில்லை. அப்போதுதான் எங்கே வந்துவிட்டோம் என்று பாய்க்கு உறைத்தது. ஒரு பக்கம் மண்திட்டு, ஒரு பக்கம் பள்ளம். பேக்டரி வாசலுக்குப் போய்த்தான் வண்டியைத் திருப்ப முடியும்.

பத்திரிகையில் இருந்த அதே பெயர் போர்டில் இருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. களத்தில் யாருடைய மாடோ மேய்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க," என்றார் கருப்புசாமி.

"இன்னிக்கு பாய்லர் கழுவற நாளுங்க. எல்லாருக்கும் லீவு."

கருப்புசாமி இறங்கிப் போனார். கேட்டில் பூட்டு தொங்கியது. பூட்டைச் சுற்றிக் காட்டுக்கொடி ஒன்று ஏறிப் படர்ந்து, பூக்கூடப் பூத்திருந்தது. அவர் அதை விரலால் விலக்கிப் பார்த்தார். திரும்பி வந்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மண்டபம் வரைக்கும், காலையில் வாங்கிய வர்க்கிப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

அன்று ராத்திரி பாய் ஆறுச்சாமியைத் தேடிப் போனார். வாழைமரம் கட்டுகிற ஆளுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் ஆறுச்சாமி. முகம் பூராவும் சிரிப்பு. "எல்லாம் பாத்தாங்களா பாய்?" என்றார். பாய் தலையை ஆட்டினார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் தாலி ஏறியது. பந்தியில் ஆறுச்சாமியே கெட்டிலை எடுத்துக்கொண்டு டீ ஊற்றி வந்தார். கருப்புசாமியின் முன்னாலும் வந்து ஊற்றினார். கருப்புசாமி ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "சம்பந்தி, பாய்லர் கழுவி முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு யாருக்கும் கேட்காதபடி, "எங்கூர்லயும் பாதித் தறி நின்னு போச்சுங்க. வுடுங்க," என்று சொல்லி ஆறுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் ஆளுக்கு ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கிக்கொண்டு சந்தோஷமாக மலை இறங்கினார்கள்.

இதுவரை நான் எழுதியதைப் பாய்க்கு வாசித்துக் காட்டியாயிற்று. வேன் படியில் உட்கார்ந்து கேட்டார். தொட்டபெட்டா வளர்ந்த இடத்தில் சிரித்தார். லேம்ஸ் ராக் போகிற வழியில் தின்றது மிளகாய் பஜ்ஜி இல்லை, வாழைக்காய் பஜ்ஜி என்று திருத்தினார். கடைசிப் பத்தி முடிந்ததும் தாளை வாங்கி மடித்து வைத்தார்.

"அந்தாளு கையப் புடிக்கலடா," என்றார்.

பாயே தொடர்ந்தார்.

"பந்தியில எந்திரிச்சு நின்னுட்டாரு. 'கேட்டுல கொடி மொளச்சுப் பூத்துக் கெடக்குது, டீ மேக்கர்னு பத்திரிக அடிச்சீங்களே, எங்களப் பாத்தா மடையனாட்டத் தெரியுதா'ன்னு அத்தன பேத்துக்கு முன்னால கேட்டாரு. ஆறுச்சாமிண்ணன் டீய ஊத்திட்டே நின்னாரு. டம்ளர் ரொம்பி, எலையில வழிஞ்சு, அவரு வேட்டியில வழியுது, அவருக்குத் தெரியல. தாலி ஏறிருந்ததுனால புள்ள தப்பிச்சா. அப்புறம் பேரனுக்குப் பல்லடத்துல காது குத்துனாங்களே, அதுக்கு ஆறுச்சாமிண்ணன் இந்த வண்டியிலதான் கெளம்பினாரு. புதுச் சட்ட, மடியில பழக்கூட. மேட்டுப்பாளையம் தாண்டல. 'திருப்புங்க பாய்'னாரு. திருப்பிட்டேன்."

எழுந்து கதவைத் திறந்து, சீட்டில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டினார்.

"அந்த ரோடு அவங்க கண்ணுல படக் கூடாதுன்னு அன்னிக்கு நான் நாள் பூராச் சுத்துனேன். வர்க்கி, பஜ்ஜி, சோளம்னு வாங்கிக் குடுத்து. நீயும் அதத்தானடா பண்ணிருக்கற, படிக்கறவங்கள ஏத்தி வெச்சுட்டு."